மேசைக்கு வராத வழக்கு

1948 ஆகஸ்ட் 18ஆம் திகதி நியூயோர்க் புறநகரான லேக் சக்சஸில் கூடிய ஐ.நா. பாதுகாப்புச் சபை, இலங்கையின் உறுப்புரிமை விண்ணப்பத்தை வாக்கெடுப்புக்கு விட்டது. பதினொரு உறுப்பினரில் ஒன்பது பேர் ஆதரித்தார்கள். சோவியத் ஒன்றியமும் உக்ரேனும் எதிர்த்தன. சோவியத்தின் எதிர்வாக்கு வீட்டோ என்பதால் விண்ணப்பம் விழுந்தது. இலங்கை உண்மையிலேயே சுதந்திர நாடுதான் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பது மொஸ்கோவின் வாதம். அதற்குக் காட்டக் காரணமும் இருந்தது. 1947 நவம்பரில் பிரித்தானியாவோடு செய்துகொண்ட பாதுகாப்பு உடன்படிக்கை நடைமுறையில் இருந்தது, திருகோணமலையில் பிரித்தானியக் கடற்படை நின்றது.

அதே ஆகஸ்ட் மாதம் கொழும்பில் டீ.எஸ். சேனநாயக்கவின் அரசாங்கம் பிரசாவுரிமைச் சட்டமூலத்தைப் பாராளுமன்றத்தில் விவாதத்துக்கு எடுத்திருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டமாக அது நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தபோது, தோட்டங்களில் வாழ்ந்த பெரும்பாலானோர் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாதவராக ஆனார்கள். 1946 குடிசன மதிப்பீட்டின்படி இந்தியத் தமிழர் சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் பேர். நியூயோர்க்கில் ஆதாரம் போதாது என்று சொல்லப்பட்ட அரசாங்கம், நுவரெலியாவிலும் அட்டனிலும் கொழுந்து பறித்தவர்களிடம் தகப்பன் இங்கே பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது.

இந்தத் தற்செயலில் ஒரு கேள்வி இருக்கிறது. மலையகத் தமிழர் எனப்படும் இந்தத் தோட்டத்து மக்களின் பிரசாவுரிமைப் பிரச்சினை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான சர்வதேசத் தகராறு. அதில் யாருக்கும் ஐயம் இல்லை. பிரதமர்கள் பேசினார்கள், கடிதங்கள் பரிமாறினார்கள், உடன்படிக்கைகள் செய்தார்கள். ஐ.நா. உருவாகி மூன்றே ஆண்டுகளில் வெடித்த இந்தத் தகராறு, அந்தச் சபையின் மேசைக்கு ஒருநாள் கூட வரவில்லை. இலங்கை உறுப்பு நாடாக இல்லாததால் வரவில்லை என்று சொல்வது இலகு. ஆனால் அது சரியான பதில் அல்ல. ஐ.நா. பட்டயத்தை எழுதியவர்கள் உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் கதவு வைத்திருந்தார்கள்.

பட்டயத்தின் 32ஆம் உறுப்புரை தெளிவானது. பாதுகாப்புச் சபையில் ஆராயப்படும் ஒரு தகராறில் தரப்பாக இருக்கும் நாடு, அது ஐ.நா.வின் உறுப்பினராக இல்லாவிட்டாலும், வாக்கில்லாமல் பங்குபற்ற அழைக்கப்பட வேண்டும். அழைக்கலாம் என்றல்ல, வேண்டும். நிபந்தனைகளைச் சபை விதிக்கும். 35ஆம் உறுப்புரையின் இரண்டாம் பந்தி இன்னும் ஒருபடி மேலே போகிறது: அமைதியான முறையில் தீர்த்துக்கொள்வேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டால், உறுப்பினர் அல்லாத நாடே தன் தகராறைச் சபைக்குக் கொண்டுவரலாம். 93ஆம் உறுப்புரை சர்வதேச நீதிமன்றத்தின் வாசலையும் அவர்களுக்குத் திறந்து வைக்கிறது.

இவை வெறும் ஏட்டுச் சட்டங்களாக இருந்துவிடவில்லை. 1947 ஜூலையில் ஒல்லாந்துப் படைகள் இந்தோனேசியக் குடியரசின் மீது பாய்ந்தபோது, இந்தியாவும் அவுஸ்திரேலியாவும் அதைப் பாதுகாப்புச் சபைக்குக் கொண்டுபோயின. ஒல்லாந்தின் ஆட்சேபத்தையும் மீறி, உறுப்பினர் அல்லாத இந்தோனேசியா அழைக்கப்பட்டது. ஆகஸ்ட் 14இல் சுத்தான் ஷாரிர் அந்த மேசையில் உட்கார்ந்து தன் நாட்டுக்காகப் பேசினார். ஓர் ஆண்டு கழித்து, இலங்கையின் விண்ணப்பம் விழுந்த மூன்றாம் நாள், ஹைதராபாத் நிஜாமின் அரசாங்கம் 35ஆம் உறுப்புரையைப் பிடித்துக்கொண்டு இந்தியாவுக்கு எதிராக முறையிட்டது. செப்டெம்பர் 16இல் பாரிஸில் சபை அதை எடுத்தபோது இந்தியத் துருப்புகள் ஏற்கனவே ஹைதராபாத்துக்குள் நுழைந்திருந்தன. இந்தியாவின் வாதம் ஒரே வரிதான்: ஹைதராபாத் ஒரு நாடே அல்ல, ஆகவே இந்தக் கதவு அதற்கானது அல்ல. சில நாட்களில் நிஜாமே முறைப்பாட்டை விலக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

ஷாரிருக்குக் கிடைத்ததும் நிஜாமுக்குக் கேள்விக்குள்ளானதும் ஒரே தகுதி. உறுப்புரிமை முக்கியமே அல்ல. நாடாக இருப்பதுதான் முக்கியம். அட்டன் பட்டணத்தில் தந்தி அலுவலகம் இருந்தது. ஆனால் அங்கிருந்து பாதுகாப்புச் சபைக்குத் தந்தி அடிக்கும் தகுதி எந்தத் தோட்டத்து மனிதருக்கும் இருக்கவில்லை.

*

யார் உள்ளே, யார் வெளியே என்ற கணக்கை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அது நாம் நினைப்பதுபோல் ஒழுங்கானது அல்ல. 1945இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. பட்டயத்தில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் சேர் ஆற்காடு ராமசாமி முதலியார். அப்போது இந்தியா பிரித்தானியக் குடியேற்ற நாடு. ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கத்திலும் இந்தியா அப்படித்தான் ஆரம்ப உறுப்பினராக இருந்தது. சுதந்திரம் இல்லாத இந்தியா உள்ளே இருந்தது. சுதந்திரம் பெற்ற இலங்கை 1955 டிசம்பர் 14 வரை வெளியே நின்றது. அன்று பதினாறு நாடுகளை ஒரே கட்டாகச் சேர்த்தபோதுதான் இத்தாலி, அயர்லாந்து, நேபாளம் போன்றவற்றோடு இலங்கையும் உள்ளே போனது.

வெளியே நின்ற அந்த ஏழுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் இலங்கை வாய்மூடி இருக்கவில்லை. 1951 செப்டெம்பரில் யப்பானோடு சமாதான உடன்படிக்கை செய்வதற்காகச் சான் பிரான்சிஸ்கோவில் மாநாடு கூடியது. அங்கே யப்பானிடம் நட்டஈடு வேண்டாம் என்று ஜே.ஆர். ஜயவர்தன நிகழ்த்திய பேச்சை யப்பானியர் இன்றும் மறக்கவில்லை. ஐ.நா. உறுப்பினரான இந்தியா அந்த மாநாட்டுக்குப் போகாமல் தவிர்த்துவிட்டது என்பது பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய செய்தி. 1954 ஏப்ரல் கடைசியில் கொழும்பில் ஐந்து பிரதமர்கள் கூடி இந்தோசீனப் போர்நிறுத்தம் பற்றிப் பேசினார்கள். கூட்டியவர் இலங்கைப் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல. அடுத்த ஆண்டு பாண்டுங் மாநாட்டில் கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கத்தையும் குடியேற்றவாதம் என்று அவர் சொல்லி, நேருவையும் சூ என்லாயையும் ஒருசேரக் கோபப்படுத்தினார். பிறருடைய தகராறுகள் எல்லாவற்றிலும் உறுப்பினர் அல்லாத இலங்கைக்குக் கருத்து இருந்தது, அதைச் சொல்ல மேடையும் இருந்தது. தன் மலைநாட்டுத் தகராறுக்கு மட்டும் எந்த மேடையும் கூடாது என்பதில் கொழும்பு உறுதியாக இருந்தது. டெல்லியும் அதற்கு இசைந்தே நடந்துகொண்டது.

டெல்லி ஏன் இசைந்தது? இங்கேதான் தென்னாபிரிக்காவை இழுக்க வேண்டும். 1946 ஜூனில், இன்னும் சுதந்திரம் பெறாத இந்தியா, தென்னாபிரிக்காவில் இந்திய வம்சாவளியினர் நடத்தப்படும் விதத்தை ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுபோனது. அது உள்நாட்டு விவகாரம், தலையிட உங்களுக்கு உரிமை இல்லை என்றார் தென்னாபிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ். டிசம்பர் 8ஆம் திகதி, விஜயலட்சுமி பண்டிட் தலைமையிலான இந்தியத் தூதுக்குழுவின் வாதத்தை ஏற்று, 32க்கு 15 என்ற வாக்கில் பொதுச்சபை இந்தியாவின் பக்கம் நின்றது. இன்னொன்றும் நடந்தது. எச்.ஏ. நாயுடுவும் சொராப்ஜி ருஸ்தம்ஜியும், ஆபிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவர் டொக்டர் சூமாவும் நியூயோர்க்குக்கே போய், மண்டபத்துக்கு வெளியே தூதுவர்களைச் சந்தித்துப் பேசினார்கள். நாற்காலி இல்லாவிட்டாலும் தாழ்வாரம் கிடைத்தது.

இரண்டு மூன்று ஆண்டு கழித்து இலங்கையில் இந்திய வம்சாவளியினர் குடியுரிமையையும் வாக்கையும் அடுத்தடுத்து இழந்தபோது அந்தப் பாதையில் யாரும் நடக்கவில்லை. இலங்கை உறுப்பினர் அல்ல என்பது தடையே அல்ல. 1950, 51 ஆகிய ஆண்டுகளில் இந்தியா பாதுகாப்புச் சபையிலேயே உறுப்பினராக இருந்தது. விரும்பியிருந்தால் தகராறை எழுப்பி, 32இன் கீழ் இலங்கையை மேசைக்கு அழைக்கச் செய்திருக்கலாம். பொதுச்சபையின் கதவும் திறந்தே இருந்தது.

என் கணிப்பில் காரணங்கள் மூன்று நான்கு பின்னிக் கிடக்கின்றன. 1948 ஜனவரியில் காஷ்மீரைப் பாதுகாப்புச் சபைக்குக் கொண்டுபோன நேரு அங்கே சூடுபட்டுக்கொண்டார். அதன்பிறகு அயல்நாட்டுத் தகராறு எதையும் மூன்றாம் தரப்பின் முன் வைக்க இந்தியா விரும்பவே இல்லை. தென்னாபிரிக்கச் சட்டம் இனத்தைப் பெயர் சொல்லி ஒதுக்கியது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. ஆகவே உலகின் முன் நிற்க வைக்க அது வசதியான குற்றவாளி அல்ல. சிறிய அயல்நாட்டை மிரட்டும் பெரிய நாடு என்ற பெயரும் நேருவுக்கு வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டச் சிக்கல்: இவர்கள் இலங்கையின் மக்கள் என்பது இந்தியாவின் நிலைப்பாடு. இந்தியப் பிரசைகள் என்று ஒப்புக்கொண்டால்தான் அவர்களுக்காக வழக்குப் பேச உரிமை கிடைக்கும். ஒப்புக்கொண்டால் வழக்கே தோற்றுவிடும். இதைவிட இறுக்கமான முடிச்சு சர்வதேசச் சட்டத்தில் கிடைப்பது அரிது.

சர்வதேச நீதிமன்றமோ இன்னும் தூரம். அதன் கட்டாய நியாயாதிக்கத்தை இந்தியா ஏற்றபோதெல்லாம், பொதுநலவாய நாடுகளோடு வரும் தகராறுகளைத் தவிர்த்தே ஏற்றது. 1940இல் பிரித்தானிய ஆட்சி செய்த அறிவிப்பில் இருந்த இந்த விலக்கு, சுதந்திர இந்தியாவின் அறிவிப்புகளிலும் தொடர்ந்தது, இன்றும் தொடர்கிறது. இலங்கை அப்படி ஓர் அறிவிப்பைச் செய்ததே இல்லை. இரண்டு வீட்டாரும் பேசிவைத்துக்கொண்டு ஊர்ப் பஞ்சாயத்துக்கு வரமாட்டோம் என்றது போலத்தான்.

*

ஹேக் நகரில் அந்தக் காலத்தில் நடந்த ஒரு வழக்கை மலையகத்தார் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அறிந்திருந்தால் வயிறு எரிந்திருக்கும். பிரெட்ரிக் நொட்டபோம் என்பவர் 1881இல் ஜெர்மனியின் ஹம்பேர்க்கில் பிறந்தவர். 1905இல் குவாத்தமாலாவுக்குப் போய், வியாபாரத்திலும் கோப்பித் தோட்டங்களிலும் செல்வம் சேர்த்தார். 1939இல் போர் மூண்டதும் லிக்டன்ஸ்டைன் என்ற மிகச் சிறிய நாட்டில் அவசர அவசரமாகக் குடியுரிமை பெற்றுக்கொண்டார். குவாத்தமாலா அதை ஏற்காமல் அவரை எதிரி நாட்டவராகக் கருதிப் பிடித்து, சொத்தையும் பறித்தது. அவருக்காக லிக்டன்ஸ்டைன் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது.

லிக்டன்ஸ்டைன் அப்போது ஐ.நா. உறுப்பினர் அல்ல. 1990 வரை உறுப்பினராகவும் இல்லை. 1950இல் பதினைந்தாயிரத்துக்கும் குறைவான மக்களைக் கொண்டிருந்த அந்நாடு, 93ஆம் உறுப்புரையின் வழியே நீதிமன்றச் சாசனத்தில் மட்டும் சேர்ந்துகொண்டு, ஒரேயொரு தோட்ட முதலாளிக்காக உலக நீதிமன்றத்தில் வழக்காடியது. 1955 ஏப்ரல் 6ஆம் திகதி தீர்ப்பு வந்தது. 11க்கு 3 என்ற பெரும்பான்மையில் லிக்டன்ஸ்டைன் தோற்றது. குடியுரிமை என்பது காகிதம் மட்டுமல்ல, ஒரு மனிதனின் வாழ்வு, குடும்பம், தொழில், பற்று எந்த மண்ணோடு உண்மையாகப் பிணைந்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். நொட்டபோமின் முப்பத்துநான்கு ஆண்டு வாழ்வு குவாத்தமாலாவோடுதான் பிணைந்திருந்தது என்று கண்டது.

இந்த அளவுகோலைத் தலவாக்கலைக்கோ பொகவந்தலாவைக்கோ கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் விடை தேட வேண்டியதில்லை. தாத்தா நட்ட செடியில் பேத்தி கொழுந்து எடுக்கிறாள். லயத்துக்குப் பின்னால் மூன்று தலைமுறையைப் புதைத்த மயானம் இருக்கிறது. வாதம் கையில் இருந்தது. வாதாட ஒரு லிக்டன்ஸ்டைன் இல்லை. (சட்ட அறிஞர்கள் குறுக்கிடுவார்கள்: அந்தத் தீர்ப்பு, ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு எதிராகத் தன் பிரசைக்காக வழக்காடலாமா என்பதைப் பற்றியது, குடியுரிமை கொடுக்கும்படி எந்த நாட்டையும் கட்டாயப்படுத்துவது அல்ல. உண்மைதான். ஆனாலும் உண்மையான பிணைப்பு என்ற கருத்து அன்றே கொழும்பிலும் டெல்லியிலும் உரக்கப் பேசப்பட்டிருந்தால், பிறகு வந்த பேரம் அவ்வளவு கூச்சமில்லாமல் நடந்திருக்காது.)

நாடு இல்லாத மக்களின் குரலைக் கேட்ட முன்னுதாரணமும் இல்லாமல் இல்லை. 1920இல் ஓலண்ட் தீவுகள் பின்லாந்துக்கா சுவீடனுக்கா என்ற தகராறு சர்வதேச சங்கத்துக்குப் போனது. பின்லாந்து அப்போது சங்கத்தில் சேர்ந்திருக்கவில்லை. இருந்தும் அழைத்து விசாரித்தார்கள். சங்கம் அனுப்பிய குழு தீவுக்கே போய் அங்குள்ளவர்களைச் சந்தித்துக் கேட்டது. தீவு பின்லாந்துக்கே என்று முடிந்தாலும், மொழிக்கும் நிலத்துக்கும் பாதுகாப்பு உறுதிகளை மக்கள் பெற்றுக்கொண்டார்கள். நானுஓயாவில் அப்படி எந்தக் குழுவும் ரயிலை விட்டு இறங்கவில்லை.

*

தோட்டத்து மக்களுக்காகப் பிறர் பேசும் வழக்கம் பழையது. 1922ஆம் ஆண்டு இந்தியக் குடியகல்வுச் சட்டத்தின் கீழ் இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் கண்டியில் இருந்துகொண்டு தோட்டங்களைப் பார்வையிட்டார். அவருடைய அழுத்தத்தின் பலன் 1927இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். இந்தியாவும் இலங்கையும் இரண்டுமே சுதந்திரம் பெறாத நிலையில், ஒன்றின் பிரதிநிதி மற்றதன் தோட்டத்துக்குள் நுழைந்து காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்தில் நிற்க முடிந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். சுதந்திரம் வந்தபிறகு அந்த வழி அடைபட்டுப்போனது. 1941இல் இந்திய அரசாங்கத்தின் சார்பில் சேர் கிரிஜா சங்கர் பாஜ்பாய் கொழும்புக்கு வந்து டீ.எஸ். சேனநாயக்கவோடு பேசியதும் அதே அரைகுறை நிலையில்தான். ஓர் அறிக்கை தயாரானது, நிறைவேறவில்லை.

மலையகத்துக்குள்ளே இருந்து எழுந்த குரல்களும் உண்டு. அட்டனை மையமாக வைத்து கோ. நடேசய்யர் தொழிற்சங்கம் கட்டினார். 1936இல் அட்டன் தொகுதியின் சார்பில் அரசாங்க சபைக்குப் போனார். 1939 ஜூலையில் நேரு வந்தபோது உருவானது இலங்கை இந்தியக் காங்கிரஸ். 1947 பொதுத் தேர்தலில் அது ஏழு ஆசனங்களை வென்றது: நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம், மஸ்கெலியாவில் மோத்தா, பதுளையில் சுப்பையா, அலுத்நுவரவில் இராமானுஜம். மலையகத்துக்கு அதுவரை கிடைத்த மேடைகளில் பெரியது அதுதான். 1949இன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரசைகளுக்கு மட்டுமே வாக்கு என்று சொன்னதும் 1952இல் அந்த ஏழும் பூச்சியமாயின.

வாக்கு மறுக்கப்பட்ட கொடக்கன் பிள்ளை என்பவரின் வழக்கு உள்நாட்டு நீதியின் எல்லையைக் காட்டியது. றுவன்வல்லைத் தொகுதியின் வாக்காளர் பதிவில் பெயர் கேட்டார். பதிவைத் திருத்தும் அதிகாரி, இந்தச் சட்டங்கள் சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவை மீறுகின்றன என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 1951இல் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது. 1953இல் லண்டனில் கோமறைக் கழகம், தன் பிரசைகள் யார் என்று தீர்மானிப்பது எந்த அரசுக்கும் உரிய இயல்பான அதிகாரம் என்ற கோணத்தில் உயர் நீதிமன்றத்தோடு உடன்பட்டது. ஐ.நா.வில் ஸ்மட்ஸ் தோற்ற வாதம் லண்டனில் வேறு உடையில் வென்றது.

வாக்குப் போனவர்களுக்கு விடப்பட்ட வழி, 1949இன் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம். 1946 ஜனவரி 1க்கு முந்திய காலத்தில், திருமணமானவர் ஏழு ஆண்டும் மற்றவர் பத்து ஆண்டும் இடைவிடாமல் இலங்கையில் வாழ்ந்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கக் கெடு 1951 ஆகஸ்ட் 5. முதலில் காங்கிரஸ் இந்தச் சட்டத்தைப் புறக்கணித்தது. பிறகு கெடு நெருங்க நெருங்க அலுவலகங்களில் படிவம் நிரப்பும் கூட்டம் முட்டி மோதியது. ஒரு குடும்பம் எதைக் காட்ட முடியும்? செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் பெயர் இருக்கும், ஆனால் தோட்டம் மாறியிருந்தால் பழைய துரை அந்தப் புத்தகத்தை வைத்திருக்கிறாரா என்று தேட வேண்டும். கோயிலிலோ தேவாலயத்திலோ எழுதிய பெயர் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் கணக்கப்பிள்ளை எழுதிக்கொடுத்த பெயர் இன்னொன்று. தாயின் சாவுக்கு ஊருக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் தங்கிவிட்டால் ‘இடைவிடாத வதிவு’ அறுந்துவிடும். மனைவி அந்த நேரத்தில் திருச்சிப் பக்கம் இருந்திருந்தால் அதுவும் கணவனுக்கு எதிரான கணக்கு. எட்டு லட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்ததில் பிரசாவுரிமை கிடைத்தவர்கள் சுமார் 1,34,000 பேர். 1952இல் காங்கிரஸ் கொழும்பில் பிரதமர் அலுவலகத்தின் முன் சத்தியாக்கிரகம் இருந்து பார்த்தது. சட்டம் அசையவில்லை.

*

இனி மேசைகளின் வரலாறு. 1953இல் லண்டனில் நேருவும் டட்லி சேனநாயக்கவும் பேசினார்கள், முறிந்தது. 1954 ஜனவரி 18இல் நேருவும் கொத்தலாவலவும் ஒப்பமிட்டார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் மறுபடி சந்தித்து, தாங்கள் உடன்படவில்லை என்பதையே எழுதி வைத்தார்கள்: இலங்கைப் பிரசை ஆகாதவர் அனைவரும் இந்தியரே என்றது கொழும்பு, இந்தியத் தூதரகத்தில் பதிந்துகொள்ளாதவர் இந்தியர் அல்ல என்றது டெல்லி. இரண்டு வரிகளுக்கும் இடையில் விழுந்த பள்ளத்தில் ஒன்பது லட்சம் பேர் பத்து ஆண்டு கிடந்தார்கள்.

1964 ஒக்டோபர் 30இல் டெல்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் அந்தப் பள்ளத்தைக் கணக்குப் போட்டு நிரப்பினார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பிறகு பார்க்கலாம். பதினைந்து ஆண்டில் முடிக்க வேண்டும். இந்தியாவுக்கு ஏழு பேர் போனால் இலங்கை நாலு பேருக்குப் பிரசாவுரிமை தரும். 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் அந்த மிச்சத்தை ஆளுக்கு 75,000 என்று பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தொண்டமான் 1964இல் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றத்தில் இருந்தார். ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் அஸீஸ் நாடறிந்த தொழிற்சங்கவாதி. அந்த மேசையில் மலையகத்தவர் எவரும் இருக்கவில்லை. பிரிக்கப்பட்டவர்களின் விருப்பம் எதுவென்று கேட்பதற்கு முன்னரே எண்ணிக்கை முடிவாகிவிட்டது.

ஐ.நா. பட்டயம் உறுப்பினர் அல்லாத நாட்டுக்கு மூன்று சலுகை தருகிறது: அறிவித்தல், இருக்கை, பேச்சு. வாக்கு மட்டும் இல்லை. டெல்லி மேசையின் எதிரே இந்த மூன்றுமே இல்லாமல் நின்றவர்களின் எண்ணிக்கை, அன்றைய ஐ.நா. உறுப்பு நாடுகள் சிலவற்றின் மக்கள்தொகையைவிட அதிகம். ஐஸ்லாந்தில் அப்போது இரண்டு லட்சம் பேர்கூட இல்லை.

பிறகு நடந்ததை மலையகம் எழுதிவிட்டது, நான் விரிக்கப் போவதில்லை. கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தில் கடவுச்சீட்டுக்கு வரிசை நின்றது. அட்டன் ரயில் நிலையத்தில், போகிறவர்களும் இருக்கிறவர்களும் கட்டிப்பிடித்து அழுதார்கள். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல், அக்கரையில் மண்டபம் முகாம். போனவர்களில் ஒரு பகுதியினர், 1968இல் தமிழ்நாட்டு வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டத்தில், கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி கொழுந்துக் கூடையைத் தூக்கினார்கள்.

*

அப்படியானால் மலையகத்துக்கு எந்தக் கதவும் திறக்கவில்லையா? ஒன்று திறந்தே இருந்தது, பக்கக் கதவு. இலங்கை ஐ.நா.வுக்குள் போவதற்கு ஏழு ஆண்டுக்கு முன்னரே, 1948இல், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் உறுப்பினரானது. அந்த அமைப்பின் அடித்தளமே வேறு: ஒவ்வொரு நாட்டுக்கும் அரசாங்கத்தின் சார்பில் இருவர், முதலாளிகளின் சார்பில் ஒருவர், தொழிலாளரின் சார்பில் ஒருவர், ஒவ்வொருவருக்கும் தனி வாக்கு. தொழிற்சங்கமாக மாறிய காங்கிரஸ் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் (இ.தொ.கா.) என்ற பெயரில் சர்வதேசச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனத்தில் இணைந்தது. பிரசையாக இல்லாதவர், தொழிலாளியாக உலகத்தின் முன் வர முடிந்தது. கூலியைப் பற்றியும் லயத்தைப் பற்றியும் பேசலாம், பிரசாவுரிமையைப் பற்றிப் பேச அது இடம் அல்ல என்பதுதான் அதன் குறை.

1985இல் பூட்டானின் திம்புவில் இலங்கை அரசாங்கமும் தமிழ் இயக்கங்களும் தமிழர் ஐக்கிய விடுதலைக் கூட்டணியும் சந்தித்தபோது, நாடல்லாத தரப்புகள் இருக்கை பெற்ற அபூர்வமான மேசை ஒன்று உருவானது. அங்கே வைக்கப்பட்ட நான்கு கோட்பாடுகளில் நான்காவது, இந்தத் தீவைத் தங்கள் நாடாகக் கருதும் எல்லாத் தமிழருக்கும் முழுப் பிரசாவுரிமை வேண்டும் என்பது. மலையகத்துக்காகப் பேசப்பட்டது, ஆனால் மலையகத்தின் பெரிய தொழிற்சங்கம் அங்கே இல்லை. அதன் தலைவர் கொழும்பில் அமைச்சராக இருந்தார். இதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1977இல் நுவரெலியா, மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியில் தொண்டமான் வென்றபிறகு, மலையகத்தின் பேரம் பேசும் இடம் கொழும்பு அமைச்சரவைக்கும் தோட்டத்துப் பிரட்டுக் களத்துக்கும் மாறிவிட்டது. 1986 தைப்பொங்கலோடு இ.தொ.கா. தொடங்கிய பிரார்த்தனைப் போராட்டம் பெயருக்குத்தான் பிரார்த்தனை. தேயிலைத் தொழிற்சாலைகள் நின்றால் நாட்டின் அந்நியச் செலாவணி நிற்கும் என்பதை இரண்டு தரப்பும் அறிந்திருந்தன. நாடற்றோருக்குப் பிரசாவுரிமை தந்த 1986இன் 5ஆம் இலக்கச் சட்டமும் 1988இன் 39ஆம் இலக்கச் சட்டமும் அதன் பிறகு வந்தவை. பட்டயத்தின் உறுப்புரைகள் எதுவும் செய்யாததைத் தொழிற்சங்கத்தின் கைகள் செய்தன. 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தின் பிறகுதான் ஐ.நா. மலையகத்துக்கு வந்தது, அகதிகள் உயர் ஆணையத்தின் வடிவில். இ.தொ.கா.வும் அரசாங்கமும் அதுவும் சேர்ந்து பத்தே நாளில் சுமார் 1,90,000 பேருக்குப் பத்திரம் கொடுத்தார்கள். ஐம்பத்தைந்து ஆண்டு இழுத்த காரியத்துக்குப் பத்து நாள் போதுமாக இருந்தது.

1986 சட்டத்தின் பின்னணியில் ஒரு கழித்தல் கணக்கு இருக்கிறது. இரண்டு உடன்படிக்கைகளின்படி இந்தியா ஏற்க வேண்டியவர் 6,00,000. 1981 ஒக்டோபர் கெடுவுக்குள் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர் சுமார் 5,06,000. மிச்சம் 94,000 பேர் போக விரும்பவில்லை. அவர்களை இலங்கை ஏற்றுக்கொண்டது. கேட்காமல் போட்ட எண்ணிக்கைக்கு மக்கள் சொன்ன பதில் என்று அந்த 94,000ஐ வாசிக்கலாம்.

நாடற்றோர் பற்றி 1954இலும் 1961இலும் உருவான இரண்டு ஐ.நா. சமவாயங்களிலும் இந்தியாவோ இலங்கையோ இன்றுவரை சேரவில்லை. இந்தத் தகராறின் கடைசிக் கிளை தமிழ்நாட்டில் இருக்கிறது. 1983 வன்முறைக்குப் பின் தப்பியோடி அங்குள்ள முகாம்களில் வாழ்பவர்களில் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் மலையகத் தமிழர். அவர்களில் திருச்சி கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்த சிலர் இந்தியக் குடியுரிமை கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார்கள். 2019 ஜூனில், இவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று ஒரே வார்த்தையில் தள்ளக் கூடாது, விண்ணப்பங்களை மத்திய அரசு பரிவோடு பரிசீலிக்க வேண்டும் என்று அந்த நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியப் பாராளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி, மூன்று அயல்நாடுகளிலிருந்து வந்த குறிப்பிட்ட சில சமயச் சிறுபான்மையினருக்கு வழி திறந்தது. பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் என்ற அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை.